அம்மாவின் கணக்கேடு

நுழையும் முன்

வீட்டில் சோறு வேகிறது, துணி உலர்கிறது, குடம் நிறைகிறது. இவை தாமாகவே நடப்பன போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றின் பின்னும் ஒருவருடைய கை இருக்கிறது. அந்தக் கை சில நாள் ஓய்ந்திருந்தபோது மூன்று பிள்ளைகள் அறிந்துகொண்டது என்ன? படித்துப் பார்ப்போம்.

தில்லியில் ஒரு வீடு

தில்லியில் இராமகிருஷ்ணபுரத்து அரசு ஊழியர் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் இருந்தது அந்த வீடு. அப்பா நடுவண் அரசு அலுவலர். அவர்களுடைய சொந்த ஊர் திருநெல்வேலிக்கு அருகில் ஒரு சிற்றூர். பிள்ளைகள் மூவர். மூத்தவள் கயல்விழி பத்தாம் வகுப்பிலும், நடுவன் அமுதன் எட்டாம் வகுப்பிலும், கடைக்குட்டி யாழினி ஆறாம் வகுப்பிலும் படித்தனர்.

அப்பாவின் பணிமாறுதல்களால் கயல்விழியும் அமுதனும் போபாலிலும் நாகபுரியிலும் படிக்க நேர்ந்தது. அங்கே அவர்களுக்குத் தமிழ் கற்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. இருவரும் தமிழ் நன்றாகப் பேசுவர். ஆனால் படிக்க அறியார். யாழினி மட்டுமே அவ்வாண்டு பள்ளியில் தமிழை விருப்ப மொழியாக எடுத்திருந்தாள்.

அம்மாவின் நாள் விடியுமுன்னரே தொடங்கிவிடும். குழாயில் நீர் வருவது காலையில் சிறிது நேரந்தான். அதற்குள் குடங்களையும் வாளிகளையும் நிறைக்க வேண்டும். பால் வாங்க வேண்டும். நான்கு பேருக்கு மதிய உணவு கட்டிக் கொடுக்க வேண்டும். இரவில் எல்லாரும் உறங்கச் சென்ற பின், பழைய நீலநிற ஏடு ஒன்றில் அன்றைய செலவைத் தமிழில் எழுதிவைப்பார். அந்த ஏட்டை வீட்டில் வேறு எவரும் திறந்து பார்த்ததில்லை.

ஓய்ந்த கை

சனவரி மாதத்துக் காலைப்பொழுது. வெளியே மூடுபனி; மின்விளக்கின் ஒளியும் மங்கலாகவே இருந்தது. அப்பா அலுவலகப் பணியாகக் குவஹாத்தி சென்றிருந்தார். குளியலறை வாயிலில் சிந்தியிருந்த நீர் அம்மாவின் கண்ணில் படவில்லை. கால் வழுக்கியது. விழும்போது வலக்கையை ஊன்றிவிட்டார்.

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் ஓடி வந்தார்; தம் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரங்களுக்கு மாவுக்கட்டு இருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். அன்றிரவு எதிர்வீட்டிலிருந்தே ரொட்டியும் பருப்பும் வந்தன.

செய்தி கேட்டு ஊரிலிருந்து ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். “வீட்டில் பெண்பிள்ளை வளர்ந்து நிற்கிறாளே! கயல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள். நீ கவலைப்படாதே” என்று அம்மாவுக்கு ஆறுதல் கூறினார்.

கயல்விழியும் அப்படித்தான் எண்ணினாள். முதல் மூன்று நாள் அவளே எழுந்து நீர் பிடித்தாள், சமைத்தாள், பாத்திரம் துலக்கினாள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது இரவு மணி பதினொன்று ஆகிவிடும். நான்காம் நாள் காலை அம்மா வந்து பார்த்தபோது, திறந்த புத்தகத்தின்மேல் தலை சாய்த்து அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலிருந்து அமுதனின் குரல் கேட்டது: “அக்கா, காலை உணவு ஆயிற்றா?”

நாற்பத்து மூன்று வேலைகள்

அம்மா மூவரையும் அழைத்து அமரச் செய்தார். “அமுதா, ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து வா. இந்த வீட்டில் ஒரு நாளில் நடக்கும் வேலைகளைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்த எழுத்தில் எழுது” என்றார்.

பத்து வேலைகள் இருக்கும் என்று அமுதன் நினைத்தான். நீர் பிடித்தல், பால் காய்ச்சுதல், அரிசி களைதல், காய் நறுக்குதல், துணி துவைத்தல், உலர்த்துதல், மடித்தல், மாடிப்படிவரை பெருக்குதல், பருப்பு தீருமுன் வாங்கி வைத்தல், ஆச்சிக்கு மருந்துப் பணம் அனுப்புதல் எனப் பட்டியல் வளர்ந்துகொண்டே சென்றது. தாளின் மறுபக்கமும் நிறைந்தபோது எண்ணிக்கை 43 ஆகியிருந்தது. அமுதன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தபடி இருந்தான்.

“ஆச்சி அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, அம்மா” என்றாள் யாழினி.

“ஆச்சி அன்பினால் சொன்னார். ஆனால் பசி ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை. வேலை மட்டும் ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்? யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்” என்றார் அம்மா.

அவ்வாறே பிரித்துக்கொண்டனர். நீர், பால், பாத்திரம், மாவரைத்தல் ஆகியவை அமுதனுக்கு. பட்டாணி உரித்தல், துணி மடித்தல், கணக்கெழுதுதல் ஆகியவை யாழினிக்கு. காலைச் சமையல் கயல்விழிக்கு. மாலை ஆறு மணிக்குப் பின் அவளை எவரும் அழைக்கலாகாது. இரவு உணவை அம்மா சொல்லச் சொல்ல அமுதன் சமைத்தான். பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டினார்கள்.

எல்லாம் உடனே கைகூடிவிடவில்லை. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அளந்து, சிறிது வெந்தயமும் சேர்த்து ஊறவைத்து, அமுதன் முதன்முதலாக இட்லி மாவு அரைத்தான். மறுநாள் காலை மாவு வைத்தபடியே இருந்தது, பொங்கவில்லை. அதில் வார்த்த இட்லி கல்லைப் போல் இருந்தது.

“நம் ஊர் வெப்பத்தில் ஓரிரவில் மாவு புளித்துவிடும். நுண்ணுயிரிகள் பெருகி வளியை வெளிவிடுவதால்தான் மாவு பொங்குகிறது. தில்லிக் குளிரில் அவை மெல்லவே பெருகும். அவற்றுக்கும் போர்வை வேண்டும்” என்று அம்மா சிரித்தார். அடுத்த முறை அமுதன் மாவுப் பாத்திரத்தை ரஜாயில் சுற்றி, சுடுநீர் நிரம்பிய பாத்திரத்தின் அருகே வைத்தான்; நீர் ஆறும்போதெல்லாம் மாற்றினான். மறுநாள் மாலை மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழுந்திருந்தது. எதிர்வீட்டுக்கு எட்டு இட்லிகளை அவனே எடுத்துச் சென்றான்.

ஒரே ஒரு வரி

ஒவ்வோர் இரவும் அம்மா செலவுகளைச் சொல்வார். யாழினி எழுத்துக்கூட்டி நீலநிற ஏட்டில் எழுதுவாள். ஓரிரவு அம்மா விரைவில் உறங்கிவிட்டார். முந்தைய மாதங்களில் எப்படி எழுதியிருக்கிறார் என்று அறிய, யாழினி பழைய பக்கங்களைப் புரட்டினாள்.

ஆகஸ்டு மாதத்தின் இறுதியில் இப்படி இருந்தது: ‘கயலுக்குத் தேர்வு வழிகாட்டி நூல்கள். அமுதனுக்குக் காலணி. யாழினிக்குச் சுற்றுலாக் கட்டணம். அத்தைக்கு மருந்துப் பணம். கண்ணாடி – அடுத்த மாதம்.’

செப்டம்பர் மாதத்தின் இறுதியிலும் அதே வரி இருந்தது: ‘கண்ணாடி – அடுத்த மாதம்.’ அக்டோபரிலும் இருந்தது. நவம்பரிலும், திசம்பரிலும் இருந்தது.

யாழினி சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அது நன்றாகத்தானே இருக்கிறது! பிறகு ஏன் புதிய கண்ணாடி?

சற்று நேரத்தில் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊசியில் நூல் கோக்கும்போது அம்மா கையை நீட்டிப் பிடிப்பார். மருந்துப் பட்டையில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க அவளைத்தான் அழைப்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

அக்காவையும் அண்ணனையும் எழுப்பினாள். அவர்களால் படிக்க இயலாத அந்த ஐந்து பக்கங்களையும் மெல்லப் படித்துக் காட்டினாள். எவரும் பேசவில்லை.

“அன்று குளியலறை வாயிலில் கிடந்த நீர்...” என்று தொடங்கிய அமுதன், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கயல்விழி ஏட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. “ஐந்து மாதமாக இந்த ஏடு நம் அலமாரியில்தான் இருந்திருக்கிறது” என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு, “தேர்வு முடியட்டும். எனக்கும் எழுத்துச் சொல்லித் தருவாயா?” என்று தங்கையிடம் கேட்டாள்.

யாழினி சனவரிப் பக்கத்தை எடுத்தாள். எல்லாச் செலவுகளுக்கும் மேலே, பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி – இந்த மாதம்.’

மறுநாள் அதைக் கண்ட அம்மா, “அப்பா வந்து அமுதனுக்கு மட்டை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாரே, அதற்குப் பின் பார்ப்போம்” என்றார். “மட்டை அடுத்த மாதம்” என்றான் அமுதன். வரியை அடித்துவிடலாம் என்றால், கட்டுப்போட்ட கையால் அம்மாவுக்கு எழுதுகோலைப் பிடிக்க இயலவில்லை.

அப்பா திரும்பிவந்த முதல் சனிக்கிழமையன்றே ஐவரும் கண்ணாடிக் கடைக்குச் சென்றனர். புதிய கண்ணாடி வந்த அன்று மாலை, அம்மா நீலநிற ஏட்டைக் கேட்டு வாங்கினார். யாழினி எழுதிய பக்கங்களை ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு மலர்ந்தது.

“இப்போது எல்லாம் நன்றாகத் தெரிகிறது, யாழினி. ‘பருப்பு’ என்பதை நான்கு இடங்களில் ‘பறுப்பு’ என்று எழுதியிருக்கிறாய். எழுதுகோலை எடு.”

ஆறு வாரம் கழிந்து கட்டுப் பிரிக்கப்பட்டது. சமையலறைக் கதவில் ஒட்டிய பட்டியலை மட்டும் எவரும் எடுக்கவில்லை.

சொல்லும் பொருளும்

நடுவண் அரசு – மத்திய அரசு
ஏடு – குறிப்புப் புத்தகம்
துலக்குதல் – தேய்த்துக் கழுவுதல்
மாவுக்கட்டு – முறிந்த எலும்பு அசையாதிருக்கப் போடும் கெட்டியான கட்டு
வளி – காற்று
ரஜாய் – வடநாட்டில் குளிர்காலத்தில் போர்த்தும் பஞ்சுப் போர்வை
ஆச்சி – பாட்டி (திருநெல்வேலி வழக்கு)

தெரிந்துகொள்வோம்

‘இல்’ என்பது வீட்டைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இல்லம், இல்லறம், இல்வாழ்க்கை ஆகிய சொற்களில் அது இன்றும் வாழ்கிறது. திருக்குறளின் ஐந்தாம் அதிகாரம் ‘இல்வாழ்க்கை’. ஏழாம் அதிகாரம் ‘மக்கட்பேறு’. வீட்டில் வாழும் முறையையும் ஓர் அறமாகவே வள்ளுவர் கருதினார்.

மொழியை அறிவோம்: தன்வினை, பிறவினை

குடம் நிறைந்தது.
அமுதன் குடத்தை நிறைத்தான்.

முதல் தொடரில் வினையின் பயன் எழுவாயாகிய குடத்தையே சேர்கிறது. இது தன்வினை. இரண்டாம் தொடரில் அமுதன் செய்த வினையின் பயன் குடத்தைச் சேர்கிறது. இது பிறவினை. முதல் தொடரைப் படிக்கும்போது நிறைத்தவர் யார் என்பது நமக்குத் தெரிவதில்லை. இரண்டாம் தொடரில் தெரிகிறது.

மேலும் சில: உலர்ந்தது – உலர்த்தினாள், ஆறியது – ஆற்றினார், கரைந்தது – கரைத்தாள், உருண்டது – உருட்டினான்.

பயிற்சிகள்

அ. பிறவினைத் தொடராக மாற்றுக.
1. துணி நனைந்தது. (யாழினி)
2. பால் ஆறியது. (கயல்விழி)
3. வெல்லம் நீரில் கரைந்தது. (அம்மா)

ஆ. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைத்து எழுதுக.
1. கரி – கறி
2. அரை – அறை
3. எரி – எறி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கயல்விழியும் அமுதனும் தமிழ் படிக்க அறியாதது ஏன்?
2. அமுதன் முதலில் அரைத்த மாவு பொங்காததற்குக் காரணம் யாது?
3. ‘கண்ணாடி’ என்ற சொல்லை யாழினி முதலில் எப்பொருளில் புரிந்துகொண்டாள்?

ஈ. சிந்தித்து விடை எழுதுக.
1. அமுதன் தொடங்கிய வாக்கியத்தை ஏன் முடிக்கவில்லை? அவன் சொல்ல நினைத்தது என்னவாக இருக்கும்?
2. ஆச்சி கூறியதற்கும் அம்மா கூறியதற்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் கருத்தை எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் ஒரு நாளில் நடைபெறும் வேலைகளைப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் பட்டியலிடுக. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்பவரின் பெயரை எழுதுக. நாளை முதல் எந்த வேலையின் எதிரே உங்கள் பெயரை எழுதுவீர்கள்? பட்டியலை வகுப்பில் படித்துக் காட்டுக.