பெயரைச் சொன்னால் போதுமா?

கேள்வி: எனக்குப் பிரியமான புத்தகங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தும், நண்பர்கள் படிப்பதில்லையே. என்ன செய்வது? (ஒரு வாசகர், கோவளம்)

பதில்: திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இல்லத்தின் வட்டமான தொட்டிக்கட்டில் கூடி, அதனாலேயே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்ற அந்தச் சபையில், புத்தகங்களின் ஜாபிதா எதையும் எவர் கையிலும் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்ததில்லை. கம்பனுடைய ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதை நிதானமாகப் பாடி, மறுபடியும் பாடி, பதம் பதமாகத் தாம் அநுபவித்த ரசத்தைக் கேட்பவர் உள்ளத்திலும் சுரக்கச் செய்துவிடுவார் அவர். அதன் பிறகு கம்பராமாயணத்தைப் படியுங்கள் என்று சிபாரிசு செய்ய வேண்டிய அவசியமே எழாது! தாங்களும் நண்பர்களுக்குப் பெயரைச் சொல்லாமல், மனத்தைக் கவர்ந்த இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்; சுவை மிகுந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிரதியை அவர்களிடமே விட்டு வாருங்கள்.

எதில் ஆரம்பிப்பது என்றால், தங்கள் ஊருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மாமல்லபுரத்துக் கடற்கரையில், அதே ரசிகமணியோடு அமர்ந்திருந்த வேளையில் கல்கியின் மனத்தில் கருக்கொண்டு, 1944-இல் ‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய ‘சிவகாமியின் சபதம்’ இருக்கிறதே! நான்கு பாகங்களையும் கண்டு நண்பர்கள் மலைக்க வேண்டாம். ‘பரஞ்சோதி யாத்திரை’ என்ற முதற் பாகத்தை மாத்திரம், ஒரு சாயங்காலம் கோவளத்து மணலில் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.