கணக்கில் பிஎச்.டி: மாதம் 37,000 ரூபாயுடன் படிக்கலாம்!

"எம்.எஸ்சி. முடிச்சாச்சு, இன்னும் என்ன படிப்பு? வேலைக்குப் போ." கணிதம் படித்த பலரும் வீட்டில் கேட்டிருக்கும் வார்த்தை இது. ஆராய்ச்சிப் படிப்புக்குச் சம்பளம் போலவே உதவித்தொகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இது புதிதும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கு, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்று அதே பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில், அவர் பெயரிலேயே உயர் கணித ஆய்வு நிறுவனம் இயங்குகிறது.

சரி, இன்றைக்கு என்ன வழி?

முக்கியமான வழி சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு. இதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் உங்கள் ஆய்வை மதிப்பீடு செய்து, திருப்தியாக இருந்தால் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2024 முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது:

1. ஜே.ஆர்.எஃப். மற்றும் உதவிப் பேராசிரியர் தகுதி
2. உதவிப் பேராசிரியர் தகுதி மற்றும் பிஎச்.டி. சேர்க்கை
3. பிஎச்.டி. சேர்க்கை மட்டும்

மாத உதவித்தொகை முதல் பிரிவுக்கு மட்டுமே. மற்ற இரண்டு பிரிவினரின் மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டு வரைதான் செல்லும். அதில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். "பாஸ் ஆகிட்டேன்" என்று சந்தோஷப்படும் முன், எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

கணிதத் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். 'சி' பகுதியில் ஒரு கேள்விக்கு 4.75 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஆனால் சரியான விடைகள் எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண். அதனால் விடைகளை மனப்பாடம் செய்வதைவிட, பகுப்பாய்வையும் நேரியல் இயற்கணிதத்தையும் புரிந்து படிப்பது பலன் தரும்.

இன்னொரு வழி, அணுசக்தித் துறையின் கீழ் உள்ள தேசிய உயர் கணித வாரியம். கணிதத்துக்கென்றே தனித் தேர்வு வைத்து பிஎச்.டி. உதவித்தொகை தருகிறது. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டையும் எழுதுங்க.

கடைசியாக ஒரு விஷயம். பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் மத்திய அரசின் ஓ.பி.சி. சலுகை பெற, மாநில சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தேவை. இதற்கு அருகிலுள்ள இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வீட்டில் "இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டால், இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்களேன்!