பின்கால் இழுக்கிறதா? ‘கும்ரி’ நோயாக இருக்கலாம்!

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசி வட்டாரத்தில் நீருக்கும் பஞ்சமில்லை, கொசுவுக்கும் பஞ்சமில்லை. மாட்டுடன் ஆட்டையோ குதிரையையோ ஒரே கொட்டிலில் கட்டுவோர் இக்காலத்தில் கவனிக்க வேண்டிய நோய் ‘கும்ரி’ என்னும் பின்கால் வாதம்.

நோய் வரும் விதம்

மாடு, எருமைகளின் வயிற்றில், குடலுக்கு வெளியே, வெள்ளை நூல் போன்ற ‘செட்டாரியா’ புழு வாழ்கிறது. மாட்டுக்கு இதனால் பெரும்பாலும் தொல்லையில்லை. ஆனால் இதன் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தம் குடிக்கும் கொசுவின் உடலில் அவை சுமார் இரண்டு வாரம் வளர்கின்றன. அக்கொசு பின்னர் குதிரையையோ ஆட்டையோ கடித்தால் அதன் உடலில் புகுந்து, வழி தவறி, தண்டுவடத்தையும் மூளையையும் சிதைக்கின்றன. ஆட்டிலிருந்து ஆட்டுக்கு இந்நோய் நேரடியாகத் தொற்றாது.

அறிகுறிகள்

பின்கால் குளம்பின் நுனி தரையில் உரசும். திரும்பும்போது இடுப்பு ஆடித் தடுமாறும். முற்றினால் எழ முடியாது. பெரும்பாலும் காய்ச்சல் இராது, தீனியும் தின்னும். காய்ச்சலும் சோகையும் இருந்தால் ‘சர்ரா’ நோயாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவை.

எச்சரிக்கை: வெறிநோயிலும் பின்கால் வலுவிழக்கும். எச்சில் வடித்தால் வாயில் கை விடாதீர்கள்.

சிகிச்சை

கால் இழுப்பதைக் கண்ட அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். டைஎத்தில்கார்பமசின், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளை அவரே அளவறிந்து கொடுப்பார். மருந்து புழுவைக் கொல்லும். சிதைந்த நரம்பை மீட்டுத் தராது. எனவே தாமதம் கூடாது. சூடு போடுவதால் பயனில்லை, புண்தான் மிஞ்சும். படுத்துவிட்ட பிராணிக்கு வைக்கோல் பரப்பி, அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும்.

தடுப்பு முறைகள்

* மாடுகளை ஒருபுறமும் ஆடு, குதிரைகளைச் சற்றுத் தள்ளி மறுபுறமும் கட்டவும்.
* கொட்டிலில் மூத்திரம் தேங்காமல் வாய்க்கால் வெட்டவும்.
* தென்னந்தோப்பில் மழைநீர் தேங்கும் சிரட்டை, மட்டை, உடைந்த பானைகளை அகற்றவும்.
* தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவவும்.
* மாலையில் வேப்பிலை, நொச்சி மூட்டம் போடலாம். புகை வெளியேற வழி வேண்டும். இயன்றால் கொசுவலை கட்டவும்.
* மாடுகளுக்குப் புழுநீக்க மருந்து கொடுப்பது பற்றி மருத்துவரைக் கேட்கவும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளவும்.

நோய் வந்தபின் செலவழிப்பதைவிட, சாரலுக்கு முன்பே கொட்டிலைச் சீர்செய்வது நலம்.