பில்லில் மொத்தத்துக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி

கேள்வி: எனக்கு ஏழாயிரம்பண்ணை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஏஜென்சிக்காக ‘மிஸ்டரி ஷாப்பிங்’ வேலையும் பார்க்கிறேன். அவர்கள் சொல்லும் ஹோட்டலுக்குச் சாதாரண ஆள் போலப் போய்ச் சாப்பிட்டு, கவனிப்பு எப்படி, மேஜை சுத்தமா, பில் சரியா என்று அறிக்கை அனுப்ப வேண்டும். சாப்பாட்டுச் செலவை 1,300 ரூபாய் வரை திருப்பித் தருவார்கள். அறிக்கைக்குத் தனியாக 250 ரூபாய். போன மாதம் சிவகாசியில் ஒரு ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போனேன். போனில் வந்திருந்த 10 சதவீதக் கூப்பனைக் காட்டினேன். தீபாவளிக்கு முதலாளி தந்த 500 ரூபாய் கிஃப்ட் கார்டையும் கொடுத்துவிட்டு, மீதி 634 ரூபாயை போனிலேயே கட்டினேன். அறிக்கையில் செலவு 1,260 என்று போட்டேன். கூப்பன் இல்லாவிட்டால் அதுதானே பில்? வேலைச் சீட்டில் கூப்பன், கார்டு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இப்போது ஏஜென்சி, “நீங்கள் செலவழித்தது 634தான், பொய்க் கணக்கு காட்டியிருக்கிறீர்கள், ஒரு பைசா தர மாட்டோம், 420 கேஸ் போடுவோம்” என்கிறது. பயமாக இருக்கிறது. இன்னொரு கம்பெனி வாட்ஸ்அப்பில் வந்து, ஐந்து கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பினால் கமிஷனோடு பணம் தருவதாகச் சொல்கிறது. செய்யலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏழாயிரம்பண்ணை

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். பிறகு, நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே அச்சாகி இருக்கிறது.

சாப்பாடு 1,200. அதன் கீழே தள்ளுபடி 120. மீதி 1,080க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 54. மொத்தம் 1,134. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம்தான் கிஃப்ட் கார்டு 500, யு.பி.ஐ. 634 என்று வருகிறது. தள்ளுபடி மொத்தத்துக்கு மேலே நிற்கிறது, கார்டு கீழே நிற்கிறது. இது கம்ப்யூட்டர் தற்செயலாகப் போட்ட வரிசை இல்லை. தள்ளுபடி விலையையே குறைத்துவிடுகிறது. கிஃப்ட் கார்டு குறைந்த விலையைக் கட்டுகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-வது பிரிவும் இப்படித்தான் பார்க்கிறது. விற்கும்போதே கொடுத்து பில்லில் காட்டிய தள்ளுபடியை விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் வரி போட வேண்டும். கார்டில் கட்டினீர்கள் என்பதற்காக வரியில் ஒரு ரூபாயும் குறையாது. உங்கள் பில்லில் 1,080க்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள், சரியாகவே போட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஏஜென்சி சொல்லும் 634ம் தவறு, நீங்கள் எழுதிய 1,260ம் தவறு. உங்கள் செலவு 1,134 ரூபாய்.

ஏஜென்சியின் வாதம் இப்படித்தான் இருக்கும்: கார்டு உங்களுக்குச் சும்மா வந்தது, அதனால் உங்கள் கையைவிட்டு எதுவும் போகவில்லை. இது நிற்காது. முதலாளி கொடுத்த நிமிஷத்தில் அந்த 500 ரூபாய் உங்கள் சொத்து. அதை வைத்து வேறொரு நாள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கியிருக்கலாம். இந்த வேலைக்காகச் செலவழித்துவிட்டீர்கள், இனி அது இல்லை. போனஸ் பணத்தில் பில் கட்டியிருந்தால், அது முதலாளி கொடுத்த பணம் என்று கழிப்பார்களா? இரண்டு இடங்களில் மட்டும் கணக்கு மாறும். அந்தக் கார்டை ஏஜென்சியோ ஹோட்டலோ இந்த வேலைக்கென்றே தந்திருந்தால் அது அவர்கள் பணம், நீங்கள் கேட்கக் கூடாது. 500 ரூபாய்க் கார்டை நீங்களே 450க்கு வாங்கியிருந்தால், கையைவிட்டுப் போனது 450தான். அதைச் சொல்லிவிட்டுக் கேட்பதே நேர்மை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் போனஸுக்குப் பதிலாகக் கார்டு கொடுத்துக் கையெழுத்து வாங்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அது செல்லாது. போனஸைப் பணமாகத்தான் தர வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது போனஸுக்கு மேல் வந்த அன்பளிப்புதானா என்று சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

இனி 1,260. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் செலவு என்ற கட்டத்தில் செலவழிக்காத 126 ரூபாயைச் சேர்த்து எழுதியது பிழைதான். 420 என்று ஊர் சொல்லும் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவுக்குள் போய்விட்டது. பழைய சட்டமோ புதிய சட்டமோ, மோசடி என்றால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். தள்ளுபடி வரி பளிச்சென்று தெரியும் பில்லை அறிக்கையோடு நீங்களே இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஏமாற்ற நினைப்பவர் அந்த வரியைக் கத்தரித்துவிட்டு அல்லவா அனுப்புவார்? பில்லைத் திருத்தியிருந்தால் கதை வேறு. அப்போது போலி ஆவணம் என்ற குற்றமும் சேரும். நீங்கள் அதைச் செய்யவில்லை.

வேலைச் சீட்டில் தடை இல்லை என்கிறீர்கள். நல்லது, ஆனால் அந்த ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஏஜென்சியில் சேர்ந்த அன்று போனில் ‘சம்மதம்’ என்று அழுத்தியிருப்பீர்களே, அந்த நிபந்தனைகளையும் எடுத்துப் படியுங்கள். மின்னணு முறையில் கொடுத்த சம்மதமும் ஒப்பந்தம்தான் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. பல ஏஜென்சிகள் கூப்பன், பாயின்ட், கார்டு எல்லாவற்றையும் அங்கே தடுத்திருக்கும். அந்தத் தடையில் நியாயமும் இருக்கிறது. கூப்பனை நீட்டியதும் கவுன்டரில் இருப்பவரின் முகமும் பேச்சும் மாறலாம். முழு விலை கொடுப்பவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் உங்களை அனுப்புகிறார்கள். பாயின்டுக்காக போன் நம்பர் சொன்னால் உங்கள் பெயரே திரையில் வந்துவிடும்.

சட்டமே ஆள் அனுப்பிச் சோதிக்கும் இடங்களும் உண்டு. கடைக்காரர் பில் போடுகிறாரா என்று பார்க்க, அதிகாரி ஒருவரை அனுப்பிப் பொருள் வாங்கவைக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67(12) பிரிவு இடம் தருகிறது. நம் வியாபாரிகள் ‘டெஸ்ட் பர்ச்சேஸ்’ என்று சொல்லிக் கொதித்தார்களே, அதுதான். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுக்கும்போதும், மக்களுக்கு வழக்கமாக விற்கும் விலையைக் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு சொல்கிறது. நீங்களும் அடுத்த முறை முழு விலையில் சாப்பிடுங்கள். கூப்பனை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒருவேளை தடை இருந்து, நீங்கள் மீறிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘ஒரு பைசா தர மாட்டோம்’ என்பது அப்படியே செல்லாது. ஒப்பந்தத்தை மீறியதற்கு நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. ஃபதே சந்த் வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் அறிக்கையை ஹோட்டல் நிர்வாகத்துக்குக் கொடுத்தார்களா? கொடுத்துக் காசு வாங்கியிருந்தால், உங்கள் உழைப்பின் பலனை எடுத்துக்கொண்டு 250 ரூபாய்க் கூலியை மறுப்பது அநியாயம். அறிக்கையைத் தள்ளிவிட்டு வேறு ஆளை அனுப்பியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்.

இன்று இரவே ஏஜென்சிக்கு மெயில் எழுதுங்கள். ‘செலவு 1,260 என்று தவறாகக் குறித்துவிட்டேன், சரியான தொகை பில்லில் உள்ள 1,134, அதில் 500 என் சொந்தக் கிஃப்ட் கார்டு, கூலி 250 சேர்த்து 1,384 ரூபாய் 15 நாளில் தர வேண்டும், தடை இருந்தால் எந்த நிபந்தனை என்று காட்டுங்கள்.’ இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். மிரட்டிய செய்திகளை அழிக்காதீர்கள். பில்லையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும்.

நுகர்வோர் நீதிமன்றம் இதற்குச் சரிப்படாது. ஏஜென்சியிடம் நீங்கள் சேவை வாங்கவில்லை, கொடுத்திருக்கிறீர்கள். சிவில் வழக்குக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு, ஆனால் 1,384 ரூபாய்க்காக கோர்ட் படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாத்தூர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவச உதவி உண்டு. போனில் கேட்க 15100.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் கம்பெனி. வேண்டவே வேண்டாம். கிஃப்ட் கார்டின் நம்பரும் ரகசிய எண்ணும் போனால் காசே போன மாதிரிதான். கார்டு உங்கள் பையில் இருக்கும், பணம் இருக்காது. உண்மையான ஏஜென்சி பில்லைத்தான் கேட்கும், கார்டு நம்பரைக் கேட்காது. உலகம் முழுக்க மிஸ்டரி ஷாப்பிங் என்ற பெயரில் நடக்கும் பழைய திருட்டு இது. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு முதலில் 1930-க்குப் போன் போடுங்கள், கார்டு கொடுத்த நிறுவனத்தையும் அழைத்து முடக்கச் சொல்லுங்கள்.