கார் பாலிஷை கம்ப்யூட்டரில் அடிக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வைரஸ், இன்டர்நெட், பிரிண்டர் பற்றியதாக இருக்கும். மூன்று, நான்கு மாதங்கள் கழித்து வேறொரு கேள்வி வரும். "தூசு படிந்து அழுக்காகத் தெரிகிறது. எதைக் கொண்டு துடைக்கலாம்?" கேட்பவர் வீட்டில் கார் இருந்தால் அடுத்த கேள்வியும் கூடவே வந்துவிடும். "டாஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷ் ஒரு பாட்டில் இருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக்தானே. அதையே அடித்து விடலாமா?"

கூடாது. ஏன் கூடாது என்பதைத் தெரிந்து கொண்டால், கம்ப்யூட்டர் மேசையைச் சுற்றி இருக்கும் மற்ற பொருட்களை, அதாவது நாற்காலி, லேப்டாப் பை, கீ போர்டு, திரை ஆகியவற்றை எப்படித் துடைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து முடித்தவர், மீதமிருந்த பாலிஷை மானிட்டர், கீ போர்டு, மவுஸ், நாற்காலி என எல்லாவற்றிலும் ஸ்பிரே செய்து தேய்த்துவிட்டார். அன்று எல்லாம் பளபளவென்று இருந்தன. திரையில் மட்டும் எண்ணெய் பட்டது போல வானவில் நிறத்தில் திட்டுகள். அடுத்த வாரம் கீகள் ஒட்டத் தொடங்கின. பிறகு மானிட்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு கறை தெரிந்தது. அது நாளுக்கு நாள் பெரிதானது. கீ போர்டுக்குச் சில நூறு ரூபாயோடு போயிற்று. மானிட்டரைச் சரி செய்ய முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் பென்ஷன் வரும் வரை மகளிடம் போனில்தான் பேசினார்.

அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது?

டாஷ்போர்டு பாலிஷ்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். பொருளின் மேலுள்ள நுண்ணிய கீறல்களை இது நிரப்பிவிடுவதால், ஒளி ஒரே சீராகப் பிரதிபலித்துப் புதிது போலத் தெரிகிறது. அவ்வளவுதான். பழசானது உள்ளுக்குள் புதிதாகி விடுவதில்லை.

காரில் உள்ள வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பில் கெட்டியானது, வீட்டுக் குழாய்களும் அதில்தான் செய்கிறார்கள். அதை மெத்தென்று ஆக்குவதற்காக பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் இது சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறும். முன் கண்ணாடியின் உட்புறம் மங்கலாக ஒரு படலம் படிகிறதே, அதில் ஒரு பங்கு இதுதான். பிளாஸ்டிசைசர் குறையக் குறைய வினைல் விறைத்து, வெடிக்கும். பாலிஷ் அடிப்பதால் போன பிளாஸ்டிசைசர் திரும்பி வராது. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் சேர்த்த பாலிஷாக இருந்தால் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். காரில் கூட ஸ்டியரிங், பெடல்கள் ஆகியவற்றில் இதை அடிக்கக் கூடாது. வழுக்கும்.

இந்த எண்ணெய் கீ போர்டில் என்ன செய்யும்? கீகளின் இடுக்கில் இறங்கி, அங்கு ஏற்கனவே இருக்கும் தூசு, பிஸ்கட் துகள் எல்லாவற்றையும் பசை போலக் குழைத்துவிடும். மானிட்டரில் இன்னும் மோசம். ஸ்பிரே செய்த திரவம் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கி, சட்டத்துக்கும் திரைக்கும் இடையில் உள்ளே போய்விடும். திரையின் படத்தை இயக்கும் நுண்ணிய சர்க்யூட்டுகள் ஓரங்களில்தான் இருக்கின்றன. தண்ணீராகவே இருந்தாலும் திரையின் மேல் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் திரை

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மானிட்டரின் மின் இணைப்பை எடுத்திடவும். சிறிது நேரம் ஆறவிடவும். திரை கறுப்பாக இருக்கும்போது தூசு நன்றாகத் தெரியும். கண் கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும் மைக்ரோ ஃபைபர் துணியை வாங்கி, உலர்ந்த நிலையில் அழுத்தாமல் துடைத்திடவும். பாதிக்கு மேல் அழுக்கு இதிலேயே போய்விடும். போகாத இடத்திற்கு மட்டும் துணியைச் சற்று நனைத்துக் கொள்ளலாம். துணியை உதறினால் ஒரு துளி கூடத் தெறிக்கக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், துடைத்த இடம் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் தெரியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இதற்கு நல்லது, விலையும் குறைவு. ஆனால் பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும்.

நியூஸ்பேப்பரைக் கசக்கித் துடைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழைய டிவி போலக் குண்டாக இருந்த மானிட்டர்களின் முகப்பு கண்ணாடி என்பதால் அவை தாங்கின. இன்றைய மானிட்டர்கள் பலவற்றின் மேற்பரப்பு ஒளி கூசாமல் இருப்பதற்காகப் பதப்படுத்தப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக். பேப்பரும் டிஷ்யூவும் அதில் கீறல் போடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர்கள் அந்தப் பூச்சையே கெடுக்கும்.

கீ போர்டு

இதைத் தனியாகக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். விழுவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பெயின்ட் அடிக்கும் சிறிய பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி இடுக்குகளில் தூசு தட்டவும். பிறகு 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் கீகளின் மேற்புறத்தை மட்டும் துடைத்திடலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அருகில் கூடக் கொண்டு வராதீர்கள். அதில் பெரும்பாலும் அசிடோன் இருக்கும். கீகள் பலவும் செய்யப்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

அதிகம் பயன்படும் கீகள் சில மாதங்களில் வழவழப்பாக மின்னத் தொடங்கும். இதை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துச் சிலர் மாய்ந்து மாய்ந்து தேய்ப்பார்கள். அது அழுக்கு அல்ல. விரல் பட்டுப் பட்டு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு தேய்ந்துவிட்டது. எதைப் போட்டாலும் திரும்பாது, விட்டுவிடுங்கள்.

நாற்காலி என்ன பொருள்?

ஆசிரியர் அடித்த பாலிஷை ஏற்றுக்கொண்டது நாற்காலி மட்டும்தான். அதிலும் உட்கார்ந்தால் வழுக்கியது என்றார். கடைக்காரர் 'லெதர் சேர்' என்று சொல்வதையெல்லாம் தோல் என்று நம்ப வேண்டாம். அது மூன்றில் ஒன்றாக இருக்கும். நாம் ரெக்சின் என்று அழைக்கும் வினைல், பி.யு. என்னும் பாலியூரிதேன் பூசிய துணி, நிஜமான தோல். நாற்காலியைக் கவிழ்த்து, சீட்டின் அடியில் ஓரம் வெட்டிய இடத்தைப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்து தெரிந்தால் தோல். அடியில் துணி தெரிந்தால் ரெக்சின் அல்லது பி.யு.

ரெக்சினைத் துடைப்பது எளிது. அரை வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் போதும். துணியைப் பிழிந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியாலும், கடைசியில் உலர்ந்த துணியாலும் துடைத்திடவும். 2020க்குப் பிறகு பல வீட்டு மேசைகளில் சானிடைசர் பாட்டில் இடம் பிடித்தது. அதை ரெக்சினில் தடவிக்கொண்டே இருந்தால், அதிலுள்ள ஆல்கஹால் பிளாஸ்டிசைசரை வெளியே இழுத்துவிடும். வெயில் செய்யும் அதே வேலைதான்.

நம் ஊரில் இன்னொரு எதிரி உண்டு. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்! நாற்காலியின் தலை சாயும் இடம் மட்டும் முதலில் பிசுபிசுத்து, பிறகு விறைத்து வெடிப்பதற்கு இதுவே காரணம். அரசு அலுவலகங்களில் அதிகாரிகளின் நாற்காலியில் வெள்ளை டவல் போட்டிருப்பதைக் கேலி செய்கிறோம். ரெக்சினைக் காப்பாற்ற அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. வாரம் ஒரு முறை டவலைத் துவைத்தால் போதும்.

பி.யு. வாங்கியவர்களுக்கு ஆறுதல் சொல்ல எதுவுமில்லை. காற்றில் உள்ள ஈரப்பதமே அந்தப் பூச்சைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். உட்காராமல் மூடி வைத்திருந்தாலும் சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உங்கள் நாற்காலி உதிர்கிறதென்றால், நீங்கள் தவறாகத் துடைத்தீர்கள் என்று பொருளல்ல. எண்ணெய், பாலிஷ் எதுவும் இதற்கு மருந்தாகாது. ஒரு உறை தைத்துப் போடலாம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் வலை போல நெய்த மெஷ் நாற்காலியைப் பார்க்கவும். காற்றோட்டமும் கிடைக்கும்.

தோல் பை

தோல் நமக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழில் நடக்கிறது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948ல் தொடங்கப்பட்டது. ஆனாலும் லேப்டாப் பையைத் துணி சோப்பு போட்டுத் துவைப்பவர்கள் இருக்கிறார்கள். பதனிட்ட தோல் இயல்பில் சற்று அமிலத் தன்மை உள்ளது. துணி சோப்போ காரத் தன்மை உள்ளது. இரண்டும் சேர்ந்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய், விறைப்பாகிவிடும். ஈரத் துணியால் துடைத்து, வருடத்திற்கு இரண்டு முறை லெதர் கண்டிஷனரை மெல்லியதாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் கறுக்கும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும், சட்டையிலும் ஒட்டும்.

மழையில் நனைந்துவிட்டால் முதலில் லேப்டாப்பை வெளியே எடுங்கள். பைக்குள் பழைய பேப்பரைத் திணித்து, நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்தவும். வெயிலில் வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பிடிக்கும். பூசணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்திடுங்கள். புதிய செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் பைக்குள் போட்டு வைக்கலாம். குழந்தைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

காருக்குள் கம்ப்யூட்டர்

அந்தப் பையை லேப்டாப்போடு காரில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஆராய்ச்சியாளர்கள் கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களுக்குள் வெப்பத்தை அளந்து, 2018ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உள்ளே காற்றின் வெப்பம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். டாஷ்போர்டு 69 டிகிரி. சீட் 50 டிகிரி. நம் ஊர் கத்திரி வெயிலும் ஏறத்தாழ அந்த வெயில்தான். லேப்டாப்களை அணைத்து வைத்திருக்கும்போது கூட 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று சில நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. லேப்டாப்பின் பேட்டரிக்கு இந்தச் சூடு ஆகாது. கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இப்போது வரும் கார்களில் பலவற்றில் டாஷ்போர்டின் நடுவிலேயே ஒரு தொடுதிரை இருக்கிறது. சுற்றி இருப்பது வினைல் என்றாலும் அது கம்ப்யூட்டர் திரைதான். பாலிஷை டாஷ்போர்டின் மேல் நேராக அடிக்காமல், திரையிலிருந்து விலகி நின்று துணியில் அடித்துக்கொண்டு, வினைலை மட்டும் தேய்த்திடவும். தொடுதிரையைத் துடைக்க வேறொரு மைக்ரோ ஃபைபர் துணி வேண்டும். இரண்டு துணிகளையும் ஒரே டிராயரில் போட்டு வைக்காதீர்கள். ஒன்றின் எண்ணெய் மற்றதில் ஏறிவிடும்.