40 லிட்டர் போதுமா?

ஹைப்ரிட் கார் பார்க்கப் போன என் மைத்துனர் ஷோரூமிலிருந்தே போன் போட்டார். "மச்சான், ஹோண்டா சிட்டில டேங்க் வெறும் 40 லிட்டராம். கிராண்ட் விட்டாராவுல 45, இன்னோவா ஹைகிராஸ்ல 52. பெருசையே எடுத்துரவா?" டீசல் வண்டியிலேயே காலம் தள்ளியவர். டேங்க் பெரிதாக இருந்தால்தான் அவருக்கு நெடும்பயணத்துக்குத் தைரியம் வரும்.

டேங்க்கை மைலேஜோடு பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். அறிவிக்கப்பட்ட மைலேஜ் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், ஹைகிராஸ் ஹைப்ரிட்டுக்கு 23.24, சிட்டி ஹைப்ரிட்டுக்கு ஏறக்குறைய 27. ஒரு ஃபுல் டேங்க்குக்கு விட்டாரா 1,258 கிலோமீட்டர், ஹைகிராஸ் 1,208, சிட்டி 1,080. இதெல்லாம் சோதனைக்கூடக் கணக்கு. நான் எப்போதும் கால் பங்கைக் கழித்துவிடுவேன். கழித்த பிறகும் சிட்டிக்கு 800 கிலோமீட்டர் மிஞ்சுகிறது. சென்னையில் நிரப்பினால் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் காபிக்கு நிறுத்தாமல் அவ்வளவு தூரம் ஓட்டுகிறவர் யார்?

பார்க்க வேண்டிய இடம் டிக்கி. விட்டாராவில் பேட்டரி சின்னதான மைல்டு ஹைப்ரிட்டுக்கும் பெரிதான ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் டேங்க் ஒரே 45 லிட்டர்தான். டிக்கியோ 373 லிட்டரிலிருந்து 265 ஆகச் சுருங்குகிறது. சிட்டியில் இன்னும் மோசம்: சாதா பெட்ரோல் வண்டியில் 506 லிட்டர், ஹைப்ரிட்டில் 306. டேங்க்கைத் தொடாமல் டிக்கியில் கை வைத்திருக்கிறது பேட்டரி. விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து புகை. "எது பி.எஸ்.6 வண்டி?" என்று கேட்பதில் இப்போது அர்த்தமில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி எல்லாப் புது வண்டிக்கும் வந்தது, 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் கட்டம். சோதனைக்கூடத்தோடு விடாமல் சாலையில் ஓடும்போதும் அளக்கிறார்கள். பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு விடக்கூடாது. ஹைப்ரிட்டுக்கென்று தனியாகக் கடுமையான வரம்பு கிடையாது.

வித்தியாசம் தெரிவது கார்பன் டை ஆக்சைடில். அதற்கு பி.எஸ்.6-ல் வரம்பே இல்லை. கஃபே என்ற வேறொரு விதி பார்த்துக்கொள்கிறது. அதுவும் நிறுவனம் விற்கும் கார்கள் அத்தனைக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி. உங்கள் காருக்கு நீங்களே கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. 10,000 கிலோமீட்டருக்கு ஹைகிராஸ் ஹைப்ரிட் 430 லிட்டர் குடிக்கும், 16.13 மைலேஜ் தரும் அதன் சாதா பெட்ரோல் வண்டி 620 லிட்டர். 190 லிட்டர் மிச்சம். விட்டாராவில் 21.11 தரும் மைல்டு ஹைப்ரிட்டை விட்டு ஸ்ட்ராங்குக்குப் போனால் மிச்சம் 116 லிட்டர்தான். கனமான வண்டியில்தான் ஹைப்ரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்குப் பலன் அதிகம் என்பது என் கட்சி.

டேங்க்குக்கும் மாசுக்கும் உண்மையான தொடர்பு ஆவியில் இருக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவியை ஒரு கரிப்பெட்டி பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். பெட்ரோல் பங்க்கில் ஆட்டோ கட் ஆனதும் பையன், "ரவுண்டா 3,000 ஆக்கிரவா சார்?" என்பான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே கரிப்பெட்டிக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

செருகி சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட்டில் எஞ்சின் நாள்கணக்கில் ஓடாமலே இருக்கலாம். ஆவியை யார் உறிஞ்சுவது? அதனால் அவற்றில் பலவற்றுக்கு அழுத்தம் தாங்கும், மூடி முத்திரையிட்டது போன்ற டேங்க். பெட்ரோல் போடுமுன் பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும்வரை சில நொடி காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் ஆவிக்கு இடமே விடாமல், டேங்க்குக்குள் பெட்ரோலோடு விரிந்து சுருங்கும் பை ஒன்றை வைத்தார்கள். குளிர்காலத்தில் அந்தப் பை விறைத்துக்கொண்டு முழுதாக நிரம்பாமல் படுத்தியது தனிக் கதை. பி.எம்.டபிள்யூ ஐ3-ன் கதை இன்னும் வேடிக்கை. பெட்ரோலில் ஓடும் தூரம் மின்சாரத்தில் ஓடும் தூரத்தைத் தாண்டக்கூடாது என்பது கலிபோர்னியாவின் விதி. அதற்காக 9 லிட்டர் டேங்க்கில் சுமார் 7 லிட்டரை மட்டும் பயன்படுத்தும்படி மென்பொருளால் பூட்டி விற்றார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தினமும் டிராஃபிக்கில் ஊர்கிறவருக்கு, டிக்கி சின்னதானாலும் பரவாயில்லை என்றால், சிட்டி. பிரேக் போடப் போட பேட்டரி நிறையும். எப்போதும் நாற்கரச் சாலையில் 100-ல் பறப்பவருக்கு அந்த லாபம் குறைவு. விட்டாராவில் மைல்டு ஹைப்ரிட்டே போதும். குடும்பம் பெரிது, ஓட்டமும் அதிகம் என்றால் ஹைகிராஸ் ஹைப்ரிட். வீட்டிலிருந்து கடைவரை இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் எதுவும் வேண்டாம். எஞ்சினும் புகை வடிகட்டியும் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

மைத்துனர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் இரண்டு பெரிய சூட்கேஸோடும் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தோடும் ஷோரூமுக்கே போய், ஒவ்வொரு வண்டியின் டிக்கியிலும் வைத்து மூடிப் பார்த்திருக்கிறார்.