கூலர்த் தொட்டியும் கொசுவும்

தில்லியில் வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டுச் சன்னல்கள்தோறும் கூலர்கள் இரையத் தொடங்கிவிடும். கூலரின் அடித்தொட்டியில் உள்ள நீரைச் சிறிய பம்பு மேலே ஏற்றுகிறது. அந்நீர் பக்கத் தட்டிகளை நனைத்துக்கொண்டு மீண்டும் தொட்டிக்கே வடிகிறது. ஈரத் தட்டிகளின் ஊடே நுழையும் காற்று குளிர்ந்து அறையை அடைகிறது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இக்கருவி அவ்வளவாகப் பயன் தருவதில்லை.

இத்தொட்டியை மனிதரைப் போலவே ஏடிஸ் கொசுவும் விரும்புகிறது. கால்களில் வெண்ணிற வளையங்கள் கொண்ட இக்கொசு பகலில் கடிக்கும்; டெங்குக் காய்ச்சலைப் பரப்பும். சாக்கடையைவிட, வீட்டில் தேங்கும் தெளிந்த நீரையே இது நாடுகிறது. 1996ஆம் ஆண்டு தில்லியில் டெங்கு பரவியபோது 10,000 பேருக்கு மேல் நோயுற்றனர். அவர்களுள் 400 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

வெப்பமான காலத்தில், முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியை வற்றவிட வேண்டும் என்று கூறுவது இதனால்தான். ஆனால், நீரைக் கொட்டுவது பாதி வேலையே ஆகும். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. கரும்புள்ளிகள் போன்ற அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் வரை உயிரோடிருக்க வல்லவை.

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும் ஒரு குடும்பம், கூலர் நீரைக் கொட்டிவிட்டு வீட்டைப் பூட்டுகிறது என்க. ஒரு மாதம் கழித்துத் திரும்பியதும் தொட்டியை மீண்டும் நிரப்புகிறது. நீர் பட்டதும், காய்ந்து கிடந்த முட்டைகள் பொரிகின்றன. யாரும் புதிதாகக் கொசுவை அழைத்து வரவில்லை. அது சுவரிலேயே காத்திருந்தது. புறப்படும் முன் தொட்டியின் உட்புறத்தைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, உலர்த்தியிருந்தால் இந்நிலை நேர்ந்திராது.

தோட்டத்து அல்லிக் குளத்தை வாரந்தோறும் இறைக்க இயலாது. அங்குக் கப்பி போன்ற சிறு மீன்களை வளர்த்தால், அவை கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். கப்பி அயல்நாட்டு மீன் ஆதலால், அதனை ஆற்றிலோ ஏரியிலோ விடுதல் ஆகாது. நம் நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும்.

சொற்பொருள்
ஊடே – நடுவே
நாடுதல் – விரும்பிச் செல்லுதல்
தூரிகை – பிரஷ்

பயிற்சி
1. கூலர் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏன்?
2. வீட்டில் உள்ள கூலர், பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றைப் பெரியவர் ஒருவருடன் சென்று பார்க்க. கண்டவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.